விழிவெண்படலமும் தோலும் – கலச் சைகைகள்

மாணவர்களே! ஹுன்னஸ்கிரிய மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போரின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். ஓயாத உராய்வினால் அவற்றின் தோல் தடித்துக் காய்த்திருக்கும். இமைகளும் நாள் முழுவதும் விழிவெண்படலத்தின் மீது உராய்கின்றன. ஆயினும் அது காய்ப்பதில்லை. கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கிறது. இவ்விரண்டினதும் மேலணிக் கலங்கள் முளையத்தின் புறமுதலுருப்படையிலிருந்தே தோன்றுகின்றன. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எப்படி வந்தது?

1. சைகை என்றால் என்ன?
ஒரு கலம் சுரக்கும் புரதம், அயற்கலத்தின் மென்சவ்விலுள்ள வாங்கியுடன் இணைகிறது. பூட்டுக்குப் பொருந்தும் திறப்பு போன்றது இது. செய்தி கருவை அடைந்ததும் சில பரம்பரையலகுகள் தொழிற்படும், சில அடங்கிவிடும். இதனாலேயே ஒரே பரம்பரையலகுகளைக் கொண்ட கலங்கள் வெவ்வேறு இழையங்களாக வியத்தமடைகின்றன.

2. தோலும் கண்ணும்
தோலில், உட்தோல் அனுப்பும் சைகைகளால் மேற்றோலில் மயிர்ப்புடைப்புகள் உருவாகின்றன. விழிவெண்படலத்தில் ‘பெக்ஸ் 6’ என்னும் பரம்பரையலகு முக்கியமானது. அது தொழிற்படாதபோது விழிவெண்படலத்தின் மூலக்கலங்கள் தோற்கலங்களைப் போல மாறுவதை 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

3. பரிசோதனைச் சான்று
2000ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஆய்வாளர்கள், வளர்ந்த முயலின் விழிவெண்படல மேலணியைச் சுண்டெலி முளையத்தின் உட்தோலுடன் சேர்த்து வளர்த்தனர். அந்த மேலணியில் மயிர்ப்புடைப்புகள் தோன்றின! அயலிலிருந்து வரும் சைகை மாறினால் வியத்தமடைந்த இழையமும் மாறக்கூடும் என்பது இதனால் தெளிவாகிறது.

4. உணவுடன் தொடர்பு
விற்றமின் ஏயிலிருந்து உருவாகும் ரெற்றினோயிக் அமிலமும் ஒரு சைகையே. இது கலத்தினுள் நுழைந்து கருவிலுள்ள வாங்கியுடன் இணைகிறது. இவ்விற்றமின் குறைந்தால் கண்ணின் மேற்பரப்பு வறண்டு, தோலைப் போலக் கெரட்டின் படியத் தொடங்கும். பிற்றோ பொட்டுகள் இதன் அடையாளமாகும். கவனியாது விட்டால் விழிவெண்படலம் புண்ணாகிப் பார்வையே போய்விடலாம். முருங்கைக்கீரை, கரட், பப்பாசி, முட்டை மஞ்சட்கரு என்பவற்றை உண்பது இதனாலேயே அவசியம்.

தழும்பு விழுந்து ஒளிபுகாது போன விழிவெண்படலத்தைத் தானமாகப் பெற்றதொன்றினால் மாற்றலாம். இதற்காக வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கத்தை நிறுவினார்.

நினைவில் வைக்க: சைகை → வாங்கி → பரம்பரையலகு → புரதம் → வியத்தம்.

பயிற்சி வினா: விற்றமின் ஏ குறைபாட்டில் விழிவெண்படலம் தோலின் இயல்பைப் பெறுவது ஏன்? மேற்கூறிய ஒழுங்கைப் பயன்படுத்தி விளக்குக.