பெரிய மேசைகளும் வெனீர் ஒட்டும் முறையும்

ஒரு கன மீட்டர் தேக்கை 20 மில்லி மீட்டர் கனமுள்ள பலகைகளாக அறுத்தால், கழிவை நீக்காமல் கணக்கிட்டாலும் 50 சதுர மீட்டர் பரப்புக்கே அது போதும். அதே மரத்தை அரை மில்லி மீட்டர் கனமுள்ள மெல்லிய தகடுகளாகச் சீவினால், ஏட்டுக் கணக்கில் 2,000 சதுர மீட்டர் கிடைக்கும். 'வெனீர்' எனப்படும் இத்தகட்டின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியின் காடுகள் தொடர்பாக எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை நாடெங்கும் காட்டு மரங்களை வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் இத்தொழில் மேன்மேலும் தோட்ட மரங்களையே நாடியது. யமுனா நகர் ஆலைகள் பாப்லரையும் யூகலிப்டசையும் கொண்டு ஒட்டுப்பலகை செய்கின்றன. அத்தகைய எளிய பலகையின்மீது உயர்ந்த மரத்தின் முகத்தைப் பொருத்துவதே வெனீர் வேலை.

ஆனால், மிச்சப்படுத்திய மரத்தின் பயன் பசையின் உறுதியைச் சார்ந்தது. கூட்ட அறைகளுக்கு வாங்கப்படும் பெரிய மேசைகள் இரண்டாவது மழைக்காலத்திலேயே கொப்புளம் கிளம்பிப் பழுதாவதை அலுவலகங்களில் காண்கிறோம். குறை பெரும்பாலும் மரத்தில் இல்லை.

வழக்கமாகத் தச்சர் முதலில் பசையை வாங்குகிறார். பிறகே அதை எவ்வாறு அழுத்துவது என்று சிந்திக்கிறார். பெரிய பரப்புகளுக்கு இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட மேசையின் பரப்பு 28,800 சதுர சென்டி மீட்டர். சதுர சென்டி மீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் கொடுப்பதானால்கூட மொத்தம் 86 டன் தேவை! ஒரு கிளாம்ப் தருவது சில நூறு கிலோ. அதுவும் ஓரங்களில் மட்டுமே. நடுப்பகுதிக்கு அழுத்தம் செல்ல, சற்றே வளைவாக இழைத்த சட்டங்களைக் குறுக்கே வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறுக்க வேண்டும். சிறிய பரப்புக்கு இது போதும். பெரிய மேசையில், கடைசிக் கிளாம்பை முடுக்குவதற்குள் முதலில் தடவிய பசை உலரத் தொடங்கிவிடும்.

இவ்விடத்தில் காற்றே கைகொடுக்கிறது. மேசைப் பலகையைக் காற்றுப் புகாத பைக்குள் இட்டு, பம்பினால் காற்றை உறிஞ்சிவிட்டால், வெளிக்காற்று பரப்பெங்கும் சமமாக அழுத்தும். 80 சதவீத வெற்றிடத்தில், மேற்சொன்ன மேசையின்மீது ஏறத்தாழ 24 டன் அழுத்தம் விழுகிறது. மெல்லிய, வளைந்து கொடுக்கும் தகட்டுக்கு இது போதுமானது. (சிம்லா போன்ற உயர்ந்த இடங்களில் காற்றழுத்தமே குறைவாதலால், அங்கு ஏறத்தாழ முக்கால் பங்குதான் கிட்டும்.) ஆலைகளில் உள்ள சூட்டு அழுத்த இயந்திரமோ 100 பாகை சென்டிகிரேடு அளவில் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். ஆயினும் அது பெரும் முதலீடு. மாதம் இரண்டு மேசை செய்யும் பட்டறையில் வீணே முடங்கிக் கிடக்கும்.

அழுத்தும் முறை முடிவானால் பசை தானே முடிவாகும். தச்சர்களின் பழைய வச்சிரப் பசையைச் சுடச்சுடத் தடவி, கையாலேயே தேய்த்து ஒட்டலாம். ஈரம் மட்டும் அதற்கு ஆகாது. 1959 முதல் ஃபெவிக்கால் என்ற பெயரில் பரவிய வெள்ளைப் பசை கையாள எளியது. ஆனால் கோடை வெயிலில் அது சில நிமிடங்களே அவகாசம் தரும். இடைவிடாத இழுவிசைக்கு மெல்ல நெகிழ்ந்தும் கொடுக்கும். கடினப்படுத்தி சேர்த்த யூரியா ஃபார்மால்டிஹைட் பிசின் நெகிழாது, அவகாசமும் மிகுதி. எனவே வெற்றிடப் பைக்குப் பெரிய மேசைகளில் இதுவே ஏற்றது. ஆனால் பல மணி நேரம் பைக்குள் இருக்க வேண்டும். ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஆதலால் பட்டறையில் காற்றோட்டம் கட்டாயம். ரப்பர் பசைக்கு அழுத்தமே வேண்டாம் என்பர். மெய்தான், கொப்புளங்கள் பலவற்றுக்கும் அந்தச் சலுகையே காரணம்.

எந்தப் பசையானாலும் பலகையின் அடிப்புறத்திலும் ஒரு மலிவான தகட்டை ஒட்டியாக வேண்டும். ஒருபுறம் மட்டும் ஒட்டிய பலகை ஈரம் ஏறி இறங்கும்போது வளையும். கண்ணுக்குத் தெரியாத இச்செலவைத்தான் குறைந்த விலைப் புள்ளி கொடுப்பவர் முதலில் விட்டுவிடுகிறார்.

மேசை எட்டடிக்கு நான்கடிக்குள் அடங்குமாயின், ஆலையிலேயே வெனீர் ஒட்டிய, ஐ.எஸ். 1328 தரக் குறியீட்டுக்கு உட்பட்ட பலகையை வாங்குவதே சிக்கனம். அதனினும் பெரிதாயின், ஒப்பந்தப் புள்ளி கோரும்போது 'தேக்கு வெனீர்' என்று மட்டும் எழுதாமல், பசையின் வகை, அழுத்தும் முறை, அடித்தகடு ஆகிய மூன்றையும் குறிப்பிட வேண்டும். பொருளைப் பெறும் அலுவலர் மேசைப் பரப்பெங்கும் விரல் கணுவால் தட்டிப் பார்க்கலாம். ஒட்டாத இடம் வெற்றொலி தரும்.