பைபோலார்: நலமாக இருக்கும்போதே கவனம் தேவை

அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு பற்றி மருத்துவர்கள் படிக்கும் பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். அதே கோளாறு தனக்கும் இருப்பதை 1995-இல் வெளியான தன்வரலாற்று நூலில் வெளிப்படையாகச் சொன்னார். இந்த நோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரையின் அருமை தெரிந்திருந்தும், இளவயதில் அதைப் பலமுறை நிறுத்தியிருக்கிறார். தற்கொலை முயற்சி வரை போய் மீண்டார்.

அவ்வளவு படித்தவருக்கே அந்த நிலை. ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே, இனி மாத்திரை எதற்கு?’ என்ற எண்ணம் இந்த நோயில் பலருக்கும் வரும். உண்மையில், நலமாக இருக்கும் நாள்கள்தாம் அடுத்த தாக்குதலைத் தடுக்கும் வாய்ப்பு.

ஏற்றமும் இறக்கமும்

மேனியா என்னும் மிகையெழுச்சி ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பு தெரியாது. பேச்சு நிற்காது. கடன் வாங்கிச் செலவழிப்பது, திடீரென்று தொழில் தொடங்குவது என முடிவுகள் பாயும். ‘பையன் இப்போ நல்ல சுறுசுறுப்பு’ என்று வீட்டாரே மகிழ்ந்துபோவதும் உண்டு. மனச்சோர்வு என்னும் இறக்கமோ வாரக்கணக்கில் படுக்கையோடு முடக்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் உலகில் சுமார் 4 கோடிப் பேர் இந்த நோயுடன் வாழ்ந்தார்கள். பலரும் மனச்சோர்வு வந்த பிறகே மருத்துவரிடம் போகிறார்கள். முன்பு வந்துபோன எழுச்சியை அவரிடம் சொல்லாமல் விட்டால், மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் தரப்படலாம். அதுவே சிலரை மேனியாவுக்குத் தள்ளிவிடும்.

லித்தியம் எடுப்பவர்கள் அறிய வேண்டியவை

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மேனியாவை லித்தியம் தணிப்பதைக் கண்டறிந்து எழுதினார். இன்றும் அது முதன்மையான மருந்துகளில் ஒன்று. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால்தான் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

கடும் வியர்வை, வயிற்றுப்போக்கு, உப்பைத் திடீரென்று குறைப்பது ஆகியவை லித்தியத்தின் அளவை உயர்த்திவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப்போடும் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளும் அப்படியே. கை மிகுதியாக நடுங்கினாலோ, வாந்தி வந்தாலோ, நாக்கு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது அவசியம். குறிப்பாக, இந்த நோய்க்குத் தரப்படும் மற்றொரு மருந்தான வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதற்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

தூக்கத்தைக் கவனியுங்கள்

பலருக்கு மேனியாவின் முதல் அறிகுறி தூக்கம் குறைவது. தூக்கம் கெடுவதே அதைத் தூண்டிவிடவும் கூடும். இரவுப் பணி, கல்யாண வீட்டுக் கண்விழிப்பு, தொடர் இரவுப் பயணம் எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். மதுவைத் தவிர்ப்பது நல்லது.

எழும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சிகிச்சை முறையை அமெரிக்க உளவியலாளர் எலன் ஃப்ராங்க் உருவாக்கினார். ஒரு நோட்டில் தினமும் தூங்கிய நேரத்தையும் மனநிலையையும் குறித்துவந்தால் மாற்றம் சீக்கிரமே தெரிந்துவிடும்.

வீட்டாரின் பங்கு

மேனியாவில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. நலமாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, தூக்கம் குறைந்தால் மருத்துவரை யார் அழைப்பது, ஏ.டி.எம். கார்டை யாரிடம் கொடுத்துவைப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்குச் சட்ட வழியும் தருகிறது: நோய் முற்றும்போது தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேசலாம் என்பதை ஒருவர் முன்பே எழுதிவைக்கலாம்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை; இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.