உங்களுக்குத் தெரியுமா? 26 இன்னிங்ஸ் ஆடியும் வெற்றி யாருக்கும் இல்லை!

பேஸ்பால் ஆட்டம் வழக்கமாக 9 இன்னிங்ஸில் முடிந்துவிடும். 1920 மே 1 அன்று பாஸ்டன் நகரில் புரூக்ளின் ராபின்ஸும் பாஸ்டன் பிரேவ்ஸும் 26 இன்னிங்ஸ் ஆடின. அணிக்கு ஒரே ஒரு ரன். அதுவும் 6வது இன்னிங்ஸுக்குள் எடுத்தது. பிறகு 20 இன்னிங்ஸுக்கு வெறும் முட்டைதான்!

இருட்டியதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அந்தக் காலத்து மைதானத்தில் விளக்கு ஏது?

இதைவிட வியப்பு, புரூக்ளினின் லியோன் கடோர், பாஸ்டனின் ஜோ ஓஷ்கர் இருவருமே மாற்று ஆள் இல்லாமல் கடைசிவரை பந்து வீசியது. ஆட்டம் நீடித்ததோ 3 மணி 50 நிமிடம்தான்.

புரூக்ளின் பாடுதான் பரிதாபம். மறுநாள் பிலடெல்பியாவிடம் 13 இன்னிங்ஸ், அதற்கடுத்த நாள் மீண்டும் பாஸ்டனிடம் 19 இன்னிங்ஸ் ஆடி, இரண்டிலும் தோற்றது.