உணவும் உதிரமும் – 9: கிழங்கு செல்லும் வழி, முட்டை செல்லும் வழி

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்லும் சாலையின் மருங்கில், மழை ஓய்ந்து வெயில் நிலைகொண்ட மாதங்களில், சேகோ ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று பரப்பிக் காயவிட்டிருக்கும் ஜவ்வரிசியைக் கண்டவர்களும், நாமக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் நீண்ட கொட்டகைகளுக்குள் கூண்டு கூண்டாக அடைபட்டிருக்கும் கோழிகளின் ஓயாத ஆரவாரத்தைக் கேட்டவர்களும் பலர் உண்டு. ஆயின், ஒரே சமவெளியில் பிறக்கும் இவ்விரண்டு ஆகாரங்களும் மனித சரீரத்தினுள் நுழைந்த பின்னர் எத்துணை வேறுபட்ட மார்க்கங்களில் பிரயாணம் செய்கின்றன என்பதை அவர்களில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை. இரண்டுமே பெரும்பாலும் பிறந்த மண்ணில் தங்குவதில்லை. ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்கும் அதற்கப்பாலும் சென்று விரத நாட்களில் அங்குள்ளோர் உண்ணும் பலகாரமாகிறது. முட்டை லாரிகளில் கேரளத்துக்கும், கப்பல்களில் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகிறது.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு இவையெல்லாம் ஒரே சேலம் ஜில்லாவின் செல்வமாகவே எண்ணப்பட்டன. ஜவ்வரிசித் தொழில் அங்கு வேரூன்றியது இரண்டாம் உலக யுத்தத்தின் விளைவாகும். மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றுபோகவே, 1943-ஆம் ஆண்டுவாக்கில் மாணிக்கம் செட்டியார் முதலிய சேலத்து வணிகர், அப்பக்கத்து ஜனங்கள் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளியை அரைத்து, அதன் பாலைத் தெளியவைத்து, அடியில் படிந்த மாவை மணிமணியாகத் திரட்டி வறுக்கும் முறையைக் கைக்கொண்டனர். கீழ்த்திசைத் தீவுகளில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் பண்டத்துக்கு இது பிரதியாகத் தோன்றி, நம் நாட்டில் அதன் பெயரையும் ஸ்தானத்தையும் தானே பெற்றுக்கொண்டது.

அந்த அரைப்பிலும் தெளிவிப்பிலும் நடப்பது என்னவென்றால், கிழங்கிலிருந்த நாரும், சொற்பமாக இருந்த புரதமும் தாதுக்களும் திப்பியோடும் நீரோடும் கழிந்துபோக, சுத்தமான மாச்சத்து மாத்திரமே எஞ்சுகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால், 100 கிராம் ஜவ்வரிசியில் 351 கலோரி சக்தியும், புரதம் வெறும் 0.2 கிராமும் இருப்பதாகக் காணலாம். அதே நிறையுள்ள கோழிமுட்டையிலோ 173 கலோரியும் 13 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் உள்ளன; மாச்சத்து இல்லையென்றே சொல்லிவிடலாம். ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை என்னும்படி இவ்வளவு துல்லியமாக எதிரெதிரே நிற்கும் இரண்டு பண்டங்களை ஒரே பிரதேசம் விளைவிப்பது, ஜீரணத்தைப் பற்றி எழுத வந்தவனுக்கு வாய்த்த பாக்கியம் என்றே கருதுகிறேன்.

முதலில் ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். கஞ்சியாகக் காய்ச்சி வாயில் இட்ட மாத்திரத்தில் உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி அதன்மீது வேலை தொடங்கிவிடுகிறது. ஆனால் இரைப்பையின் அமிலம் பட்டதும் அந்நொதி செயலற்றுப் போவதால், மாச்சத்தின் பெரும்பகுதி அங்கிருந்து சிறுகுடலின் முற்பகுதிக்குச் சென்று, கணையம் சுரக்கும் நீரைச் சந்தித்த பின்னரே முற்றிலும் சிதைந்து, குடற்சுவரிலேயே உள்ள வேறு நொதிகளால் குளுக்கோஸாக மாறுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவில் சிறுகுடலின் உட்புறமெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் அந்தக் குளுக்கோஸை உள்வாங்கி, தம்முள் ஓடும் இரத்தத் தந்துகிகளில் சேர்க்க, அவையெல்லாம் ஒன்றுகூடிப் பெரிய சிரையாகிக் கல்லீரலை அடைகின்றன. மற்ற சிரைகள் பெரும்பாலும் நேரே இருதயத்தை நோக்கியே செல்ல, இந்தச் சிரையோ வழியில் கல்லீரலுக்குள் புகுந்து மீண்டும் நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து, தான் கொண்டுவந்ததையெல்லாம் அங்கே காட்டிவிட்டுத்தான் மேலே போகிறது. கல்லீரல் தேவையானதை இரத்தத்தில் விட்டு, மிச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. வளர்ந்த மனிதனிடத்து அது சேமிப்பது சுமார் 100 கிராம். ஓர் இரவுப் பட்டினிக்கு அது போதும். மறுநாளும் பட்டினி தொடர்ந்தால் போதாது.

காய்ச்சலில் படுத்தவனுக்கு நம் வீடுகளில் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது இவ்விதத்தில் மிகவும் பொருத்தமானது; கொழுப்பில்லை, நாரில்லை, இரைப்பைக்கு வேலை குறைவு. ஆனால் காய்ச்சல் தணிந்த பின்னும் அதையே வாரக்கணக்கில் பிள்ளைக்குப் புகட்டி வந்தால் நேர்வது என்ன என்பதற்குப் பின்னர் வருவோம்.

முட்டையின் கதை வேறு. வெள்ளைக்கருவின் புரதம் இரைப்பையிலேயே அமிலத்தாலும் பெப்சினாலும் தாக்குண்டு, சிறுகுடலில் டிரிப்சின் முதலியவற்றால் மேலும் துண்டாடப்பட்டு, அமினோ அமிலங்களாகப் பிரிந்து, குளுக்கோஸ் சென்ற அதே சிரையின் வழியே கல்லீரலுக்குப் போகிறது. இங்கே ஒன்று சொல்லவேண்டும். பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெயும் குடிக்கச் செய்யும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. பயில்வான்களும் பச்சை முட்டையை விழுங்குவதில் ஒரு பெருமை கொள்கின்றனர். வெள்ளைக்கருவிலுள்ள சில புரதங்கள் டிரிப்சினின் வேலையைத் தடுக்கும் இயல்புடையவை. வெப்பம் பட்டால்தான் அவை கட்டுக் குலைந்து ஜீரணத்துக்கு இடங்கொடுக்கும். 1998-இல் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவிகிதம் உடலிற் சேர, பச்சை முட்டையினதில் 51 சதவிகிதமே சேர்ந்தது. அந்தப் பெண் குழந்தை முகஞ்சுளித்துக் குடித்ததில் ஏறக்குறைய பாதி வீண் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் யாரேனும் சொன்னால் நலம்.

மஞ்சட்கருவின் கொழுப்புக்கு வாய்த்த மார்க்கமோ இவ்விரண்டிலும் விசித்திரமானது. பித்தநீரால் சிறு திவலைகளாக்கப்பட்டு, கணைய நொதியால் பிளவுண்டு குடற்சுவரினுள் புகும் கொழுப்பு, அங்கே மீண்டும் கொழுப்பாகவே கட்டப்பட்டு, இரத்தத் தந்துகிகளிற் புகாமல், குடலுறிஞ்சியின் நடுவிலுள்ள பால்நாளத்துக்குள் செல்கிறது. அங்கிருந்து நிணநீரோடு கலந்து, முதுகெலும்பின் முன்புறமாக மேலேறி, கழுத்தின் அடியில் இடது காறை எலும்பருகே உள்ள பெருஞ்சிரையில் கொட்டுகிறது. அதாவது, மாச்சத்தும் புரதமும் கல்லீரலுக்கு முதலில் கணக்குக் காட்டவேண்டியிருக்க, கொழுப்பின் பெரும்பகுதி அந்தச் சாவடியைச் சுற்றிக்கொண்டு நேரே இருதயத்துக்குப் போய்விடுகிறது. 1622-இல் இத்தாலியில் காஸ்பாரோ அசெல்லி என்னும் வைத்தியர், அப்போதுதான் இரையுண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை இழைகள் படர்ந்திருக்கக் கண்டு, நரம்பென்று எண்ணி ஒன்றை அறுத்தார். பால் போன்ற திரவம் வழிந்தது. அவை கல்லீரலுக்கே செல்கின்றன என்று அவர் நம்பினார். வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தைப் பற்றிய தமது நூலை வெளியிட்டது 1628-இல். பால்நாளங்களின் நீர் கல்லீரலைத் தொடாமல் சிரையில் கலப்பதை ஜான் பெக்கே வெளிப்படுத்தியது 1651-இல். உணவு எவ்வழியே இரத்தமாகிறது என்னும் பழமையான வினாவுக்கு விடை காண முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடைக்கு முதல் தடயம் கிடைத்தது வயிறு நிறைந்திருந்த ஒரு நாயினால்.

எவ்வழியே வந்தாலும் இறுதியில் எல்லாம் இருதயத்திலே கூடுகின்றன. நிமிஷத்துக்கு எழுபது முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றும் அவ்வுறுப்பு, ஓய்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 5 லிட்டர் அளவு இரத்தத்தைச் சுற்றவிடுகிறது. அதில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு குடலுக்கும் கல்லீரலுக்குமே செல்கிறது என்பதும், உணவுண்டபின் அப்பங்கு இன்னும் பெருகுகிறது என்பதும் ஜீரணம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை உணர்த்தும்.

இதுவரை கூறியதில் எந்தப் பாடநூலிலும் இல்லாதது ஒன்றுமில்லை. இவ்விரண்டு ஆகாரங்களும் ஒரே உடலிற் சந்திக்கும்போது எதற்கு எது முந்துகிறது என்னும் விஷயத்தில்தான் உலகமே சில காலம் தவறிப்போயிற்று. அதைத் திருத்தியவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் 1918-இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் பிறந்த அதே 1918-இல்தான் ராபர்ட் மக்கரிசன் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயச் சிறு கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் லண்டனிலும் பயின்று அக்கூடத்திற் சேர்ந்த கோபாலன் 1962-இல் அதன் இயக்குநரானார். சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழைகளிடையே பெல்லக்ரா என்னும் தோல்நோய் காணப்படுவதற்குச் சோளப்புரதத்தில் லியூசின் மிகுந்திருப்பது காரணமாகலாம் என்று 1960-இல் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது. அதனினும் பெரியது அவருடைய மற்றொரு பணி.

1960-களில், ஏழை நாடுகளின் குழந்தைகள் மெலிவதற்கும் வீங்குவதற்கும் புரதக் குறைவே காரணம் என்று ஐக்கிய நாடுகள் சபை வரையில் அபாய அறிவிப்பு எழுந்தது. மீன்மாவு, லைசின் கலந்த ரொட்டி என்று விதவிதமான மருந்துகள் முன்மொழியப்பட்டன. கோபாலனும் அவருடைய சகாக்களும் கிராமத்துக் குழந்தைகளின் கலத்தில் உண்மையிலே என்ன விழுகிறதென்று நிறுத்துப் பார்த்தபோது, அவர்கள் உண்ட தானியமும் பருப்பும் வயிறார உண்ணப்பட்டிருந்தால் புரதம் பெரும்பாலும் போதுமானதாகவே இருந்திருக்கும் என்றும், மெய்யான குறை கலோரியே என்றும் கண்டனர். ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே விகிதத்தில் புரதமும் சக்தியும் கொண்ட உணவை உண்ட குழந்தைகளிற் சிலர் குவாஷியார்க்கரால் வீங்க, வேறு சிலர் மராஸ்மஸ் கண்டு எலும்புந்தோலுமாயினர். உணவின் வேற்றுமை மட்டும் அதை விளக்கவில்லை. பின்னர், சுமார் 300 கலோரிக்கு மேற்பட்டு, ஆனால் 3 கிராம் புரதமே கொண்ட சிற்றுண்டி ஒன்றைக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றாற் செய்து ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் கொடுத்துப் பார்த்ததில், குழந்தைகளின் உயரமும் எடையும் முன்னேறின. 1973-இல் அம்முடிவு வெளியாயிற்று. மறுவருஷம் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மக்லாரன் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் புரதப் பீதியைப் பெரும் பிழையென்றே கடிந்து எழுதினார்.

இதன் உட்பொருள் கல்லீரலில் இருக்கிறது. சக்திக்குப் போதிய மாச்சத்தோ கொழுப்போ வராதபோது, சரீரம் உயிரோடிருப்பதையே முதற் கடமையாகக் கொண்டு, வந்த அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிட்டு, எஞ்சியதை எரித்துவிடுகிறது. விறகில்லாத வீட்டில் தேக்குக் கதவைப் பிளந்து உலைவைப்பது போன்ற செயல் அது. ஒரு முட்டையின் 6 கிராம் புரதம் அவ்விதம் எரிந்தால் கிடைப்பது 24 கலோரி மாத்திரமே. ஒரு கரண்டிச் சோறு அதைவிட மலிவாகவும் மிகுதியாகவும் தந்திருக்கும். பசித்த குழந்தைக்கு முட்டையை மட்டும் கொடுப்பது, ஆகவே, முட்டைக்குச் செய்யும் அநியாயம். ஜவ்வரிசிக் கஞ்சியிலேயே நெடுநாள் வளர்க்கப்படும் பிள்ளைக்கு நேர்வது இதற்கு நேரெதிர்: விறகு நிறைய உண்டு, கதவு செய்ய மரமில்லை. கலோரியே முதற்குறை என்ற விதி சோறும் சோளமும் ராகியும் உண்ணும் வீடுகளுக்கே பொருந்தும்; கிழங்கையும் அதன் மாவையும் மாத்திரம் நம்பிய வயிற்றுக்கு அது பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. 100 கிராம் ராகியில் 7 கிராமுக்கு மேல் புரதமும் 344 மில்லிகிராம் கால்சியமும் இருக்க, பழைய சேலம் ஜில்லாவின் களியையும் கூழையும் விட்டு மாச்சத்துப் பலகாரங்களுக்குத் தாவியவர்கள் லாபமடைந்தார்கள் என்று என்னாற் சொல்ல இயலவில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காமராஜர் காலத்தில், 1956-இல், மதிய உணவு வந்தது; எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்; 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது; 2010-இல் அது பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்றாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம். திட்டமிட்டோ தற்செயலாகவோ, சோறு முந்தியும் முட்டை பிந்தியும் வந்த இந்த வரிசை சரீர சாஸ்திரத்துக்கு இணங்கியதாகவே அமைந்துவிட்டது. நாமக்கல் பண்ணையில் இட்ட முட்டை ராசிபுரத்துப் பிள்ளையின் தட்டில், சோற்றுக்கும் சாம்பாருக்கும் பக்கத்தில் வந்து விழும்போது, அதன் புரதம் எரிபொருளாக வீணாகாமல் தசையாகவும் நொதியாகவும் இரத்தத்தின் ஆல்புமினாகவும் மாற வழி பிறக்கிறது.

முட்டையால் ஆகாத காரியமும் உண்டு. அதிலுள்ள இரும்பைக் குடல் மிகச் சொற்பமாகவே ஏற்கிறது. ராகியின் இரும்பையும் அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் பிணைத்துக்கொள்கிறது. ஆக, நிமிஷத்துக்கு 5 லிட்டர் வீதம் சுற்றினாலும், அந்த இரத்தம் வெளிறியே ஓடக்கூடும். இரும்பு குடலில் எவ்வாறு தடைப்படுகிறது, கூழோடு கடித்துக்கொள்ளும் நெல்லிக்காய் அத்தடையை எவ்வாறு தளர்த்துகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)