பழவேற்காட்டின் பொதுவெளி

ஊர் என்று ஒன்று இருப்பின், மக்கள் கூடுதற்கு நடுவே ஓரிடம் வேண்டும். பண்டைத் தமிழர் அதனை மன்றம் என்றனர். திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்த பழவேற்காட்டில் இத்தகைய நடுவிடம் இருவகையாய் அமைந்தது.

ஒன்று டச்சுக்காரர் அமைத்தது. 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையைச் சார்ந்தே அவர்களது துணி வாணிகம் செழித்தது. சோழமண்டலக் கரையில் அதுவே அவர்கட்குத் தலைமையிடம். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறிற்று. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு.

மற்றொன்று மீனவர் குப்பங்களின் பொதுவெளி. அதற்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. ஆயினும் அது நிலைத்திருக்கிறது. காரணம், அங்குக் கூடும் ஊர்க்கூட்டமே.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. முகத்துவாரத்தை அடுத்த ஏரிப்பகுதி பாடுகளாக வகுக்கப்பட்டுள்ளது. இறால் மிகுந்த பாடும் உண்டு, குறைந்த பாடும் உண்டு. எவர் எங்கு வலையிடுவது என்ற வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். தலைக்கட்டாகச் சேர்ந்தவர் ஒவ்வொருவர்க்கும் முறை வரும். நல்ல இடத்தை வலியவர் மட்டுமே பற்றிக்கொள்ள இயலாது. பலர் அறிய எடுத்த சீட்டாதலின் முடிவுக்கு மதிப்பும் மிகுதி.

குறையே இல்லாத முறை இதுவன்று. தலைக்கட்டு ஆடவர்க்கே உரியதாய் இருந்து வந்துள்ளது. பாட்டுரிமை பெறாத பிற குப்பத்தார்க்கு மனக்குறை உண்டு. பூசல்கள் எழுந்ததும் உண்டு. அவற்றையும் பேசித் தீர்ப்பதற்கு ஒரு பொதுவிடம் வேண்டுமன்றோ?

வளர்ச்சிப் பணிகளில் ஈடுபட்டுள்ள நாம் இங்கே விழிப்புடன் இருத்தல் வேண்டும். சமுதாயக் கூடத்திற்கோ நீர்த்தொட்டிக்கோ இடம் தேடும்போது முதலில் கண்ணிற் படுவது இவ்வெளியே. வெறும் மணல் எனக் கருதி அதனைக் கூறுபோட்டால், வலை உலர்த்தும் இடமும் கருவாடு காயவைக்கும் இடமும் சுருங்கும். ஊர் கூடும் இடமும் போய்விடும்.

2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ மக்களின் பொதுச் சொத்துக்களைக் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் குறித்துக் காட்ட வேண்டும் என்றது. ஆகவே ஒவ்வொரு குப்பத்தாரும் தத்தம் பொதுவெளியின் எல்லையைக் கிராம சபையில் எடுத்துரைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்வது நன்று. அதன் பின்னரே கட்டடத்திற்கு இடம் பார்க்கலாம். எங்கே கட்டுவது என்று ஆராய்வதைப் போலவே, எங்கே கட்டலாகாது என்று தெளிவதும் வளர்ச்சிப் பணியேயாகும்.