வீடு வாங்குமுன் பரிசோதனை

சந்தவாசலிலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் நெசவாளருக்கு வீடு உறைவிடம் மட்டுமன்று, தொழிற்கூடமுமாகும். வீட்டின் குறை குடும்பத்தோடு தறியையும் தாக்கும். இருந்தும், புடவையில் இழை இழையாகக் குற்றம் பார்க்கும் நம்மவர், பத்திரத்தை மட்டும் பார்த்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். பட்டாவும் வில்லங்கச் சான்றும் உரிமையைச் சொல்லுமேயன்றிச் சுவரின் வலிமையைச் சொல்லமாட்டா.

சட்டமும் நம் கவனத்தையே எதிர்பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் அறியாததும் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையையே விற்பவர் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பைப் பின்னர்க் காட்டி வழக்காடுவது கடினம். புதிய குடியிருப்புத் திட்டங்களில், ஒப்படைத்த நாள் முதல் 5 ஆண்டுக்குள் தெரிவிக்கும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் தம் செலவில் 30 நாளில் தீர்க்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் விதிக்கிறது. எனினும், தனியொருவரிடம் நாம் வாங்கும் பழைய வீட்டுக்கு அப்பாதுகாப்பு இல்லை.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் தகுதியுள்ள கட்டடப் பொறியாளரை அழைத்தல் வேண்டும். அவர் கூரை, சுவர், தரை, மரவேலை, மின்கம்பி, குழாய் ஆகியவற்றைப் பார்வையிட்டு எழுத்து மூலம் அறிக்கை தருவார். பூச்சில் ஓடும் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரியும் வெடிப்போ அடித்தளம் இறங்கியிருப்பதைக் காட்டக்கூடும். சுவரடியில் உப்புப் பூத்தல் நிலத்தின் ஈரம் ஏறுவதற்கு அடையாளம். புதிதாக அடித்த வெள்ளை இவற்றை மறைக்கும். ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை பார்ப்பது நலம். உத்திரத்தைத் தட்டுகையில் வெற்றொலி கேட்குமாயின் கறையான் உள்ளே தின்றிருக்கலாம்.

நெசவாளர் மேலும் சில கேட்டறிய வேண்டும். தறிக்குழியில் மழைக்காலத்தில் நீர் ஊறுமா? ஜக்கார்டுப் பெட்டி பொருந்தக் கூரைக்குப் போதிய உயரம் உண்டா? பட்டு நூல் வைக்கும் அறை உலர்ந்துள்ளதா?

பொறியாளர் சுவரைப் பெயர்த்துப் பார்ப்பதில்லை. எதிர்காலத்துக்குப் பிணை நிற்பதுமில்லை. எக்குறை உடனே தீர்க்க வேண்டியது, எது பொறுக்கத்தக்கது, உத்தேசச் செலவு என்ன என்பவற்றை வகைப்படுத்தித் தரக் கேட்கலாம். நாமும் உடனிருந்து பார்த்தல் அவசியம். அவ்வறிக்கையைக் கொண்டு விலையைக் குறைக்கலாம். விற்பவரே சீர்செய்து தர ஒப்பந்தத்தில் எழுதலாம். வேண்டாமென்று விலகவும் செய்யலாம். பத்திரம் பதிவான பின் இவ்வழிகள் பெரிதும் அடைபடும். பாவு தறியேறுமுன் அறுந்த இழையை முடிவது நம் வழக்கம். வாழ்நாள் சேமிப்பை இடும் வீட்டிலும் அவ்வழக்கத்தையே கைக்கொள்வோமாக.