சதுரக் குறியும் மறைந்த முகவரியும்

கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்நாளில் வரும் சுற்றறிக்கைகளிலும் விண்ணப்ப அறிவிப்புகளிலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த சிறு சதுரம் ஒன்று இடம்பெற்றிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். கியூ.ஆர். கோடு என்பது அதன் பெயர். ‘விவரங்களுக்கு இதனை ஸ்கேன் செய்க’ என்ற ஒரே வரியோடு அறிவிப்பு முடிந்துவிடுகிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் நாம் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் செயலாளர்கள் இதைப் பற்றி அடிக்கடி குறைகூறக் கேட்கிறோம். ஆகவே இக்குறியின் தன்மையையும், அதனால் நேரும் இடர்ப்பாட்டையும், அதற்குரிய பரிகாரத்தையும் இங்குச் சுருக்கமாக விளக்குவோம்.

குறியின் வரலாறு

1994ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு டென்சோ குழுமத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் இக்குறியை உருவாக்கினார்கள். மோட்டார் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைக் கணக்கிடுவதே அதன் முதல் நோக்கம். பழைய பார்கோடு சுமார் இருபது எழுத்துக்களையே தாங்கும். இச்சதுரமோ 7,089 எண்கள் வரை தாங்க வல்லது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்கள், எப்பக்கமாகப் பிடித்தாலும் கருவி அதனைப் படிப்பதற்கு உதவுகின்றன. உருவாக்கிய நிறுவனத்தார் தமது காப்புரிமையை வற்புறுத்தாமையால் அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 2016இல் யு.பி.ஐ. முறை தொடங்கிய பின்னர்க் காய்கறிக் கடை வரையில் வந்துவிட்டது.

ஒன்றை நினைவில் இருத்த வேண்டும். அறிவிப்புகளில் வரும் சதுரத்திற்குள் பெரும்பாலும் இருப்பது ஓர் இணைய முகவரியே. எழுத்தில் எழுதினால் ஒரு வரியில் அடங்கிவிடும்.

இடர்ப்பாடு யாது?

இக்குறி காமிராவின் கண்ணுக்காக ஏற்பட்டது. செயலாளரோ மேசைக் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருக்கிறார். மின்னஞ்சலில் வந்த சுற்றறிக்கை அதே திரையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் தன் திரையைத் தானே படம்பிடிக்கும் காமிரா உடையதன்று. ஆகவே அவர் தமது சொந்தக் கைப்பேசியை எடுத்துத் திரைக்கு நேரே காட்டுகிறார். பக்கம் கைப்பேசியில் திறக்கிறது. நிரப்ப வேண்டிய அங்கத்தினர் பட்டியலும் இணைக்க வேண்டிய ஆவணங்களும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவருக்கு அவ்வழியும் இல்லை.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடியில் ஒரு திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, வாசலை மட்டும் கைப்பேசியில் வைப்பது பொருந்துமா? பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் உண்டு. அந்நாள் எவருக்காகவும் காத்திராது. வழி தேடுவதில் கழியும் பொழுது குடியானவரின் பொழுதாகும்.

மறைந்த இணைப்புகள்

‘இங்கே அழுத்துக’ என்ற நீல நிறச் சொற்களும் இவ்வகையினவே. திரையில் அவை திறக்கும். காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்தால் வெறும் சொற்களாய் நிற்கும். எங்கே செல்கிறோம் என்பதை அவை சொல்வதுமில்லை. வஞ்சகர்க்கு வசதியும் இதுவே. நெசவாளரிடம் சேலை வாங்குவதாகப் பேசி, ‘பணம் அனுப்புகிறோம், இக்குறியை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று ஏமாற்றுவோர் உண்டு. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். ரகசிய எண் கேட்கப்பட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகப் போகிறது என்பதே பொருள்.

நல்ல முன்மாதிரிகள்

குறியே தீது என்று நாம் கூறவில்லை. கைத்தறி முத்திரைச் சீட்டில் கியூ.ஆர். குறி இடும் ஏற்பாடு 2020இல் தொடங்கியது. சேலை கடையில் இருக்கிறது. வாங்குபவர் கையில் கைப்பேசி இருக்கிறது. அங்கு அது பொருத்தமே.

தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்திலிருந்து எடுக்கும் பட்டா நகலைப் பாருங்கள். அதில் குறியும் உண்டு. தளத்தின் முகவரியும், உள்ளீடு செய்து சரிபார்க்க வேண்டிய குறிப்பு எண்ணும் எழுத்தில் உண்டு. கைப்பேசி உள்ளவர் குறியைக் கொள்ளலாம்; கம்ப்யூட்டர் முன் இருப்பவர் எண்ணைத் தட்டலாம். இரு வாசல்களும் திறந்திருக்கின்றன. பிற அறிவிப்புகளுக்கும் இதுவே இலக்கணமாக வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. மவுஸின் அம்பைச் சொல்லின் மேல் அழுத்தாமல் நிறுத்தினால், பிரவுசரின் இடப்பக்க அடிமூலையில் உண்மையான முகவரி தோன்றும். அதைப் படித்த பின்னரே அழுத்துக.

2. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியின் கடைசியைக் கவனிக்க. அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என முடியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. இச்சொற்கள் நடுவில் மட்டும் வந்தால் ஐயுறுக.

3. திரையில் குறி மட்டுமே இருப்பின், குரோம் பிரவுசரில் அப்படத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்திக் கூகிள் லென்ஸ் வழியாகத் தேடலாம். குறிக்குள் உள்ள முகவரி கம்ப்யூட்டரிலேயே கிடைக்கும்.

4. சங்கம் வெளியிடும் ஒவ்வோர் அறிவிப்பிலும், பொதுக்குழு அழைப்பாயினும் ஜவுளி விற்பனை விளம்பரமாயினும், குறிக்குக் கீழே முகவரியை முழுமையாகவும் சுருக்கமாகவும் அச்சிடுக.

5. முகவரி இன்றி வரும் சுற்றறிக்கைக்கு, அதை எழுத்தில் தருமாறு கேட்டு அன்றே பதில் எழுதுக. கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்திருப்பின் காலதாமதம் யாரால் என்பது விளங்கும்.

1904ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலம் முதல், கணக்கு எவர் கேட்டாலும் காட்டக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது நம் இயக்கத்தின் நெறி. முகவரிக்கும் அந்நெறி பொருந்தும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே நான்காவது யோசனையைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு சங்கங்களை வேண்டுகிறோம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு வரி அச்சு போதும்.